கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் பனிப்பொழிவு முன்னறிவிப்பு ஏன் இடத்துக்கு இடம் இவ்வளவு மாறுகிறது?

அடுத்த வாரம் குடும்பத்தோடு அந்த மலையிலுள்ள லேக் டாஹோ ஏரிக்குப் போகிறோம், ஆப்பில் "2 முதல் 4 அடி பனி" என்று காட்டுகிறது, போன தடவையும் இப்படித்தான் காட்டியது, ஆனால் தங்கிய இடத்தில் வெறும் மழைதான் பெய்தது, இதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்பலாம். ஆனால் அந்த அடிக்கணக்கைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஸ்னோ லெவல். எந்த உயரத்துக்கு மேலே பனியாகவும் கீழே மழையாகவும் விழும் என்பதைச் சொல்லும் கோடு அது. குளிர்காலத்திலும் இந்த மலையைத் தாண்டிப் போய்வர வேண்டியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, வானிலை அறிக்கையைத் திறந்ததும் கண் போவது அந்த ஒரு வரிக்குத்தான்.

சியராவில் கொட்டும் பனியில் பெரும்பங்கு மலையே கறந்தெடுப்பது. பசிபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று, சமவெளியைத் தாண்டியதும் மலைச்சரிவில் ஏறியே ஆக வேண்டும். ஏற ஏறக் குளிரும். குளிர்ந்த காற்றில் அவ்வளவு ஈரம் நிற்காது, கொட்டிவிடும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அதே காற்று சூடேறி உலர்ந்துபோகும். சமவெளியில் இருக்கும் சாக்ரமெண்டோவில் ஆண்டுக்குச் சுமார் 18 அங்குலம் பெய்கிறது. அங்கிருந்து இன்டர்ஸ்டேட் 80இல் கிழக்கே ஏறினால், ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் இருக்கும் ப்ளூ கேன்யனில் 60 அங்குலத்துக்கு மேல். மலையைத் தாண்டி இறங்கினால் ரீனோவில் 7 அங்குலம்தான். மூன்றும் ஒரே சாலையில், இரண்டு மணி நேரத்துச் சொச்சப் பயணத்துக்குள் இருக்கின்றன. புயல் மூன்று இடத்துக்கும் ஒன்றுதான்.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருவோம். ஆயிரம் அடி ஏறினால் வெப்பநிலை சராசரியாக 3 முதல் 4 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். அப்படியானால் முன்னறிவிப்பில் வெப்பநிலை 3 டிகிரி தப்பினால் ஸ்னோ லெவல் ஆயிரம் அடி தள்ளிப்போகும். சமவெளியில் 3 டிகிரி தப்பினால் யாருக்கும் தெரியாது. இங்கே அது எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடும். ட்ரக்கி ஊர் சுமார் 5,800 அடியில் இருக்கிறது, ஏரியின் நீர்மட்டம் ஏறத்தாழ 6,200 அடி, மலையைக் கடக்கும் இடமான டானர் சம்மிட்டில் நெடுஞ்சாலை 7,239 அடி. ஏரியைச் சுற்றியுள்ள பனிச்சறுக்கு மலைகளில் மிக உயரமானதன் உச்சி 10,000 அடியைத் தொடும். ஸ்னோ லெவல் 7,000 அடியில் நின்றுவிட்டால் உச்சியில் மூன்றடி பனி கொட்டும், ஏரிக்கரை விடுதியில் நாள் முழுக்க மழை ஊற்றும். ஆப்கள் பல நேரம் சறுக்கு மலையின் உச்சிக்கான கணக்கைத்தான் ஊர் பெயருக்கு நேரே காட்டுகின்றன. போன தடவை உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இந்தக் கோட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். இன்டர்ஸ்டேட் 80இல் கோல்ஃபாக்ஸ் ஊரைத் தாண்டி ஏறும்போது சாதாரண மழையாக இருக்கும். டேஷ்போர்டில் வெளி வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் 39, 37, 35 என்று இறங்கிக்கொண்டே வரும். திடீரென்று துளிகள் பெருத்து, கண்ணாடியில் பட்டதும் வழியாமல் சப்பென்று ஒட்டும். வைப்பர் தள்ளும் இடத்தில் ஓரமாகக் கூழ் சேரும். மழையின் சடசடப்பு அடங்கிப்போகும். அதற்குப் பிறகு ஓரிரண்டு மைலில் சாலையில் கோடுகளே தெரியாது.

அந்தக் கோடு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. பலமாகப் பெய்யும்போது, விழுகிற பனி உருகுவதற்குச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். காற்று குளிர்ந்து கோடு பல நூறு அடி கீழே இறங்கும். தூறலாகக் குறைந்தால் மறுபடி ஏறும். சியராவின் பெரிய புயல்கள் பல, 'அட்மாஸ்பெரிக் ரிவர்' எனப்படும், கடல் மேல் நீண்டு கிடக்கும் ஈரப்பட்டையோடு வருபவை. அவை வெதுவெதுப்பாகத் தொடங்கி, பின்னால் வரும் குளிர்முகம், அதாவது குளிர்காற்றின் முன்விளிம்பு, கடந்தபின்தான் தாழ்ந்த இடங்களுக்கும் பனியைக் கொண்டுவரும். ஆகவே மொத்தத்தில் நான்கடி என்று போட்டிருந்தாலும், முதல் 12 மணி நேரம் உங்களுக்கு மழையாகவே போகலாம். எப்போது மாறும் என்பதுதான் கேள்வி.

வெதுவெதுப்பான புயல் என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். 1997 புத்தாண்டுப் புயல் ஹவாய்ப் பக்கமிருந்து வந்த சூடான ஈரக்காற்று. அதற்கு முந்தைய வாரங்களில் மலையில் நல்ல பனி குவிந்திருந்தது. அதன் மேலேயே மழை கொட்டியது. ட்ரக்கி ஆறு ரீனோ நகர மையத்துக்குள் புகுந்தது, யோசமிட்டி பள்ளத்தாக்கு இரண்டு மாதத்துக்கு மேல் மூடிக்கிடந்தது.

அடுத்து, எவ்வளவு ஆழம் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முன்னறிவிப்புக்கான கணினி வானிலை மாடல் கணக்கிடுவது தண்ணீரைத்தான். அதை எத்தனை அங்குலப் பனியாக மாற்றுவது என்பது தனிக் கணக்கு. ஒரு அங்குலத் தண்ணீருக்குப் பத்து அங்குலப் பனி என்பது குத்துமதிப்பு. கடுங்குளிரில் அதே தண்ணீர் 15, 20 அங்குலமாகப் பொங்கி நிற்கும். உருகுநிலைக்குப் பக்கத்தில் பெய்தால் ஆறேழு அங்குலத்தோடு அமுங்கிவிடும். கடல் அருகில் இருப்பதால் சியராவில் இரண்டாவது ரகம் அதிகம், 'சியரா சிமெண்ட்' என்றே சொல்வார்கள். பத்துக்கு ஒன்று கணக்கில், ஒரு கன அடிப் பனி சுமார் 6 பவுண்டு. சிமெண்ட் ரகமென்றால் 9, 10 பவுண்டு. வாடகை வீட்டு வாசலில் நீங்களே மண்வெட்டி பிடிக்க வேண்டியிருந்தால் ஆழத்தைவிட இந்த எடைதான் முதுகுக்குத் தெரியும்.

காற்றும் கணக்கைக் குழப்பும். முகட்டில் அடிக்கும் சூறைக்காற்று ஒரு பக்கத்துப் பனியை வழித்து மறுபக்கம் குவிக்கும். வாசலின் ஒரு மூலையில் தரை தெரியும், இன்னொரு மூலையில் இடுப்பளவு இருக்கும். எது உண்மையான அளவு? இதனால்தான் டானர் கணவாய்க்கு அருகில் 1946 முதல் இயங்கும் சென்ட்ரல் சியரா ஸ்னோ லேப் என்ற பனி ஆய்வு நிலையத்தின் எண்களை நான் அதிகம் மதிக்கிறேன். ஒரே இடம், இத்தனை ஆண்டுத் தொடர்ச்சி. அவர்களின் பதிவில் 2022-23 குளிர்காலம் 754 அங்குலம், கிட்டத்தட்ட 63 அடி. அதையும் மிஞ்சி நிற்பது 1951-52இன் 812 அங்குலம். அந்தக் குளிர்காலத்தின் ஜனவரியில்தான் 'சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ' என்ற ரயில், இருநூறுக்கும் மேற்பட்டவர்களோடு இந்த மலையில் மூன்று நாள் பனியில் புதைந்து நின்றது. (ட்ரக்கி அருகே டானர் நினைவுப் பூங்காவில் நிற்கும் சிலையின் பீடம் 22 அடி உயரம். 1846-47இல் அங்கே சிக்கிய குடியேறிகள் கண்ட பனியின் ஆழம் அது என்பார்கள். குழந்தைகளோடு போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன், அண்ணாந்து பார்க்க வையுங்கள்.)

குளிர்காலம் முழுவதற்குமான பருவ முன்னறிவிப்புகளை நான் பொருட்படுத்துவதில்லை. 2021 டிசம்பரில் அந்த லேபில் 16 அடிக்கு மேல் கொட்டியது, எல்லோரும் கொண்டாடினார்கள். அடுத்து வந்த ஜனவரி முதல் மார்ச் வரை கலிஃபோர்னியா கண்டிராத வறட்சி.

சாலை விஷயம் சுருக்கமாக. கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறையான கால்ட்ரான்ஸ் விதிக்கும், டயரில் மாட்டும் சங்கிலிக்கான கட்டுப்பாட்டில் ஆர்1, ஆர்2, ஆர்3 என்று மூன்று நிலை உண்டு. ஆர்2இல், நான்கு சக்கரத்திலும் பனி டயர் போட்ட ஆல் வீல் டிரைவ் வண்டிகளைச் சங்கிலி இல்லாமல் விடுவார்கள், ஆனால் வண்டிக்குள் சங்கிலி இருந்தே ஆக வேண்டும். ஆர்3 என்றால் யாருக்கும் விலக்கில்லை. அந்த நிலை வருவதற்குள் பெரும்பாலும் சாலையையே மூடிவிடுவார்கள். 2024 மார்ச் முதல் வாரப் புயலில் இன்டர்ஸ்டேட் 80 நாள்கணக்கில் மூடப்பட்டது. வாங்கிய சங்கிலியை வீட்டு வாசலிலேயே ஒருமுறை பூட்டிப் பார்த்துவிடுங்கள். கொட்டும் பனியில், விரல் மரத்த நிலையில், லாரிகள் உரசிப் போகும் சாலையோரத்தில் அதைக் கற்றுக்கொள்ள முடியாது. எங்காவது சிக்கி நின்றால் இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போடுவதற்கு முன் இறங்கி, புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். குழாய் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், வாசனைகூடத் தெரியாது.

உங்கள் பயணத்துக்கு: ஏழு நாள் முன்னால் காட்டும் அடிக்கணக்குக்காக விடுதியை ரத்து செய்யாதீர்கள். புயல் வரும் என்பதை அப்போதே ஓரளவு நம்பலாம், ஆனால் ஸ்னோ லெவல் மூன்று நாளுக்குள் வந்தபின்தான் ஒரு நிலைக்கு வரும். ஆப்பில் ஊர் பெயரைத் தட்டுவதை விட்டுவிட்டு, அமெரிக்க அரசின் வானிலை அமைப்பான நேஷனல் வெதர் சர்வீஸ் தளத்தில் நீங்கள் தங்கும் இடத்தை வரைபடத்தில் சொடுக்குங்கள். அந்தக் கணக்கு எத்தனை அடி உயரத்துக்கானது என்பதும் கூடவே இருக்கும். ரீனோ அலுவலகத்தின் 'ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்' பக்கத்தில், எந்த இடத்தில் தங்களுக்கே சந்தேகம் என்று முன்னறிவிப்பாளர்கள் வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். ஏறும் பாதைக்குச் சாக்ரமெண்டோ அலுவலகத்தின் பக்கத்தையும் பாருங்கள், மேற்குச் சரிவு அவர்கள் எல்லைக்குள் வருவது.

ஸ்னோ லெவல் 5,000 அடிக்குக் கீழே என்று இருந்தால் குளிர்முகத்துக்கு அரை நாள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள், இல்லையென்றால் அது கடந்து சாலை திறந்த பின் போங்கள். இடையில் மட்டும் வேண்டாம்.