ஒரே கம்பத்தில் இரண்டு லைன்

கேள்வி: 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனும் அதற்குக் கீழே எல்.டி. (தாழ்வழுத்த) லைனும் ஒரே கம்பத்தில் போகின்றன. மின்கட்டமைப்பைக் கணினி வரைபடமாக்கும் ஜி.ஐ.எஸ். யுட்டிலிட்டி நெட்வொர்க்கில் வரைந்து டோபாலஜியை (எது எதோடு இணைகிறது என்பதை) சரிபார்த்தால் பிழைகளாகக் கொட்டுகிறது. கம்பத்துக்குக் கம்பம் லைனை வெட்ட வேண்டுமா?
– வாசகர், பல்லடம்

பதில்: வேண்டாங்க. கம்பம் கட்டமைப்பு அடுக்கில் நிற்கட்டும். மின்சாரம் அதன் வழியே போவதில்லை. இன்சுலேட்டர் இருக்கும் இடத்தில் ஒரு ஜங்ஷன் (இணைப்பு) புள்ளி வைத்து, அந்தப் புள்ளியைக் கம்பத்தோடு அட்டாச்மென்ட் உறவால், அதாவது ‘இது இந்தக் கம்பத்தில் தொங்குகிறது’ என்ற பதிவால், கட்டுங்கள். லைன் வகைக்கு ‘எந்த வெர்டெக்ஸிலும் (கோட்டை உருவாக்கும் முனைப்புள்ளியோ இடைப்புள்ளியோ எதிலும்) இணையலாம்’ என்ற அமைப்பு வேண்டும். புள்ளிக்கு நேராக லைனில் வெர்டெக்ஸ் இல்லையென்றால், கண்ணுக்கு ஒட்டியதுபோலத் தெரியும். ஆனால் டிரேஸ் (மின்சாரம் போகும் வழியைத் தேடும் கட்டளை) அந்தப் புள்ளியைக் கண்டுகொள்ளாது.

பிழை கொட்டுவது பெரும்பாலும் இதனால்தான்: இரண்டு லைனின் வெர்டெக்ஸும் புள்ளிகளும் ஒரே எக்ஸ், ஒய், இசட்டில் (ஒரே இடத்தில், ஒரே உயரத்தில்) விழுகின்றன. 11 கே.வி.யையும் எல்.டி.யையும் நேரடியாக இணைக்க விதி கிடையாது, இருக்கவும் கூடாது. எல்.டி.யை அரை மீட்டர் தள்ளி வரைந்து, அதற்குத் தனிப் புள்ளி கொடுங்கள். இரண்டு புள்ளியும் அதே கம்பத்தில் தொங்கலாம்.

லைனை வெட்ட வேண்டியது ஏ.பி. (ஏர் பிரேக்) சுவிட்ச், ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மர் வரும் இடங்களில் மட்டும். 11,000/433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் மேல்பக்க (11 கே.வி.), கீழ்பக்க (எல்.டி.) டெர்மினலை, அதாவது இணைப்பு முனையை, மாற்றிக் கொடுத்துவிட்டால், தறிக்கூடங்களெல்லாம் தவறான சப்நெட்வொர்க்கில் (ஒரே மூலத்திலிருந்து மின்சாரம் பெறும் பகுதியில்) போய் உட்காரும். இந்தத் திருத்தங்களைச் செய்ததும் டோபாலஜியை மறுபடி சரிபார்த்து, சப்நெட்வொர்க்கைப் புதுப்பியுங்கள்.