பழைய கணினியில் உள்ள மென்பொருள் உரிமத்தைப் புதிய கணினிக்கு மாற்ற முடியுமா?

பணம் கொடுத்து வாங்கிய விண்டோஸும் ஆபீஸும் கணக்கு மென்பொருளும் பழைய கணினியில் இருக்கின்றன, புதிய கணினிக்கு மாற்ற மீண்டும் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வாங்கியது எந்த வகை உரிமம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அதை ஃபார்மட் செய்வதையும் விற்பதையும் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். உரிமத்தை விடுவிக்கும் வேலை பெரும்பாலும் அந்தக் கணினியில்தான் நடக்க வேண்டும்.

முதலில் விண்டோஸ். லேப்டாப் வாங்கும்போதே அதில் நிறுவப்பட்டு வந்த விண்டோஸ் ஓஇஎம் உரிமம், அதாவது கணினித் தயாரிப்பாளர் வழியாக வரும் உரிமம் எனப்படும்; அது அந்தக் கணினியின் மதர்போர்டு என்ற முதன்மைச் சுற்றுப்பலகையோடு பிணைக்கப்பட்டது, வேறு கணினிக்கு மாறாது. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் இவ்வகைக் கணினிகளில் உரிம எண் மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளிலேயே பதிந்து வருகிறது. அதற்கு முன்பு லேப்டாப்பின் அடிப்பகுதியில் ஒரு ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். தனியாகப் பெட்டியிலோ இணையத்திலோ முழு விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ் ரீடெய்ல் உரிமம் ஆகும். இதை உங்களுடைய இன்னொரு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் ஒரு கணினியில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கப்படும் வால்யூம் உரிமம் மூன்றாவது வகை. அது நிறுவனத்துக்கு உரியது, அங்கே வேலை பார்ப்பவருக்கு உரியது அன்று.

உங்களுடையது எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, எஸ்எல்எம்ஜிஆர் என்ற ஐந்து எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் அதையொட்டி டிஎல்ஐ என்ற மூன்று எழுத்துகளும் இட்டு என்டர் தட்டினால், ஒரு சிறு பெட்டி தோன்றும். அதில் ரீடெய்ல், ஓஇஎம், வால்யூம் ஆகியவற்றில் ஒன்று குறிப்பிடப்பட்டிருக்கும். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் உரிம எண் வாங்கியவர்கள் பலர் இந்தப் பெட்டியைப் பார்த்தபிறகுதான் தங்களுக்கு வந்தது ஏதோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் எண் என்று அறிகிறார்கள். அத்தகைய எண்ணை மாற்றுவதற்கு வழி தேட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அது முதலிலிருந்தே உங்களுடையது அன்று.

ரீடெய்ல் என்று வந்தால், நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் அதே கட்டளையை டிஎல்ஐ என்பதற்குப் பதிலாக யுபிகே என்று இட்டு இயக்குங்கள். பழைய கணினியிலிருந்து உரிம எண் நீங்கிவிடும். இது அந்தக் கணினியில் மட்டும் நடக்கும் நீக்கம் என்பதையும், மைக்ரோசாஃப்ட்டின் சர்வருக்கு இதனால் எந்தத் தகவலும் போவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். புதிய கணினியில் அதே பதிப்பை, அதாவது ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ, நிறுவி உங்கள் 25 எழுத்து எண்ணை உள்ளிட வேண்டும். எண் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று மறுப்பு வந்தால் கலங்க வேண்டாம்; மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பிரிவைத் தொடர்புகொண்டு பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டதைச் சொல்லலாம். 2016 முதல் விண்டோஸ் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்க முடிகிறது. எனவே மாற்றத்துக்கு முன்பே பழைய கணினியில் உங்கள் கணக்கில் நுழைந்து இணைத்துவிட்டால் வேலை இன்னும் எளிது. எண்ணைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் சிறு மென்பொருள்களை நம்பாதீர்கள். இலவசமாக மேம்படுத்தப்பட்ட விண்டோஸ் 10, 11 கணினிகளில் அவை காட்டுவது பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணைத்தான்.

ஆபீஸ் விஷயத்தில் இந்திய வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லேப்டாப்போடு சேர்த்து, வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று சொல்லித் தரப்படும் ஆபீஸ், அந்த லேப்டாப்பின் வாழ்நாளுக்குத்தான் செல்லும். அதை மாற்ற முடியாது. தனியாக வாங்கிய ஆபீஸை மாற்றலாம். ஆனால் அந்த உரிமையும் எளிதில் வந்ததன்று. 2013இல் வெளியான ஆபீஸ் ஒரே கணினிக்கு நிரந்தரமாகக் கட்டுப்பட்டது என்று முதலில் விதி வகுத்தார்கள். வாங்கியவர்கள் கடுமையாக எதிர்த்ததால் அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அந்த விதியைத் தளர்த்தி, 90 நாள்களுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். பயன்படுத்துபவர்கள் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதை எப்போதும் எடுத்துச் சொல்வேன். சந்தா முறையில் வரும் மைக்ரோசாஃப்ட் 365 என்றால் புதிய கணினியில் உங்கள் கணக்கில் நுழைந்தால் போதும்.

கணக்கு மென்பொருளில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். டேலி போன்றவற்றில் உரிமத்தை அந்தக் கணினியிலிருந்து விடுவிக்க சரண்டர் என்றொரு வசதி இருக்கிறது. இணைய இணைப்போடு பழைய கணினியில் அதைச் செய்துவிட்டு, பிறகு புதிய கணினியில் அதே உரிம எண்ணை ஆக்டிவேட் செய்ய வேண்டும். வடிவமைப்பு மென்பொருள்களில் இதற்கு டிஆக்டிவேட் என்று பெயர். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அச்சகத்தில் ஒரு கணினியின் ஹார்டு டிஸ்க் பழுதானபோது, அதிலிருந்த வடிவமைப்பு மென்பொருளை நான் டிஆக்டிவேட் செய்திருக்கவில்லை. நிறுவனத்துக்கு எழுதினேன், வாங்கிய ரசீதைக் கேட்டார்கள். ரசீது என்னிடம் இல்லை, வாங்கித் தந்த கடையும் மூடப்பட்டுவிட்டது, உரிமத்தைப் பதிவு செய்த மின்னஞ்சலோ எங்களிடமிருந்து விலகிப்போன ஓர் ஊழியருடையது. அவரைத் தேடிப்பிடித்து, அவர் பெயரில் வந்த பழைய மின்னஞ்சலை வாங்கி அனுப்பி, உரிமம் மீண்டும் எங்கள் கைக்கு வர பதினொரு நாள்கள் ஆயின. அத்தனை நாளும் திருமண அழைப்பிதழ் வேலைகளை வேறு அச்சகத்தில் கூலி கொடுத்துச் செய்தோம்.

உங்கள் பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால் அந்த நிலை உங்களுக்கு வராது. இன்றே ஒவ்வொரு மென்பொருளையும் திறந்து, அது எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊழியர் ஒருவருடைய மின்னஞ்சலாக இருந்தால் உங்கள் கடையின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். ரசீதுகளைப் படம் எடுத்து அந்த மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். அதன்பின் ஆவணங்களை நகலெடுத்து, கணக்கு மென்பொருளைச் சரண்டர் செய்து, ஆபீஸ் கணக்கிலிருந்து வெளியேறி, கடைசியில் விண்டோஸ் எண்ணை நீக்குங்கள். புதிய கணினியில் எல்லாம் ஆக்டிவேட் ஆகி ஒரு வாரம் வேலை செய்து பார்த்தபிறகு பழையதை ஃபார்மட் செய்யலாம்.