வாசகர் கேள்வி – பதில்: நிஷ் பெர்ஃப்யூம்கள்

நிஷ் பெர்ஃப்யூம் என்று தனியாகப் பிரித்து, பாட்டிலுக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். அது உண்மையிலேயே வேறு ரகமா, விலையை ஏற்ற வைத்த பெயரா?
– வாசகர், கோயம்புத்தூர்

எல்லோருக்குமாக அல்லாமல், தனி ரசனைக்காகச் சிறு நிறுவனங்கள் செய்யும் மணங்களைத்தான் நிஷ் என்கிறார்கள். தொடக்கத்தில் அது வேறாகத்தான் இருந்தது. 1976-இல் ழான் லாபோர்ட் பாரிஸில் லார்த்திசான் பார்ஃப்யூமர் நிறுவனத்தைத் தொடங்கியபோதும், 2000-இல் ஃபிரெடெரிக் மால் மணத்தை உருவாக்கிய கலைஞரின் பெயரையே பாட்டிலில் அச்சிட்டு விற்க முன்வந்தபோதும், நட்சத்திர விளம்பரத்தை நம்பி எல்லோருக்கும் பிடிக்கும்படி செய்யப்பட்ட சரக்குக்கு அவை மாற்றாக நின்றன. அந்த எல்லைக்கோடு இப்போது பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஃபிரெடெரிக் மால், லே லாபோ ஆகிய இரண்டு நிஷ் நிறுவனங்களையும் வாங்க 2014-இல் அழகுசாதனப் பெருநிறுவனமான எஸ்தே லாடர் ஒப்பந்தம் செய்தது. இன்னும் இரண்டு நிஷ் நிறுவனங்களான மேசோன் ஃபிரான்சிஸ் குர்க்ஜானும் கிரீடும், ஆடம்பரப் பொருள் குழுமங்களான எல்.வி.எம்.எச்.சிடம் 2017-இலும் கெரிங்கிடம் 2023-இலும் முறையே போய்ச் சேர்ந்தன. ஆகவே, துணிச்சலான மணங்கள் இன்றும் அங்கே கிடைக்கின்றன என்றாலும், விலையைத் தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோரும் புகழ்கிறார்களே என்று 'மாலிக்யூல் 01' வாங்கினேன். அடித்த சில நிமிடங்களில் எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. போலிச் சரக்கா?
– வாசகி, திருச்சி

போலியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2006-இல் மணக் கலைஞர் கேஸா ஷோன் வெளியிட்ட இந்த பெர்ஃப்யூமில், 'ஐசோ ஈ சூப்பர்' என்ற ஒரே செயற்கை மணப்பொருள்தான் ஆல்கஹாலில் கலந்திருக்கிறது. சீவிய தேவதாரு மரத்தை நினைவூட்டும் அதன் மெல்லிய மணம் சிலருக்குச் சற்றும் எட்டுவதில்லை. வேறு சிலருக்கு மறைந்து, அரை மணி நேரம் கழித்துத் திடீரென்று மீண்டும் வரும். உங்கள் மூக்கு பழகிப்போய்க் கைவிட்ட பிறகும் அருகில் இருப்பவர் அதை உணரக்கூடும் என்பதால், வீட்டில் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் மட்டும் கடைக்காரரைச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு மூலப்பொருளுக்கு இவ்வளவு விலை கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டு பெர்ஃப்யூம்களில் நம் மல்லியும் சம்பங்கியும் சேர்கின்றனவாமே? பிறகு ஏன் தலையில் சூடிய பூவின் மணம் அவற்றில் இல்லை?
– வாசகி, மதுரை

சேர்கின்றன. தமிழகத்தில் விளையும் குண்டுமல்லி, சாதிமல்லி, சம்பங்கி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் சாறு உலக பெர்ஃப்யூம் தொழிலுக்கு முக்கியமான மூலப்பொருள். பகலில் பறித்த குண்டுமல்லி மொட்டுகள் மாலைக்கு மேல் விரியும்போதுதான் மணம் உச்சத்தை எட்டும் என்பதால், ஆலைகள் அதுவரை காத்திருந்து, விரிந்த பூவை ஹெக்சேன் கரைப்பானில் இடுகின்றன. கரைப்பான் நீங்கியதும் எஞ்சும் மெழுகு கலந்த பசையை ஆல்கஹாலில் கரைத்து, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் நீக்கிய பிறகுதான் 'அப்சல்யூட்' என்ற செறிந்த சாறு கிடைக்கிறது. உயிருள்ள பூ காற்றில் விடும் கலவை வேறு, கரைப்பான் இழுத்தெடுக்கும் கலவை வேறு. அதனால் சாற்றில் அந்தப் பச்சை வாடை குறைந்து, இண்டோல் என்ற வேதிப்பொருளின், அந்துருண்டையை ஒத்த நெடி முன்னே வந்து நிற்கும்.

சம்பங்கியை விரும்புவோருக்கு இரண்டைச் சொல்லலாம். ஜெர்மேன் செல்லியே 1948-இல் ராபர்ட் பிகே நிறுவனத்துக்காகச் செய்த 'ஃபிராக்கா' வெண்ணெய் போல் கனத்தது. கல்யாண மண்டபத்தில் இறங்கிய மாலைக் கூடைகளின் நெருக்கம் அதில் இருக்கிறது. டொமினிக் ரோப்பியோன் 2005-இல் ஃபிரெடெரிக் மாலுக்காகச் செய்த 'கார்னல் ஃபிளவர்' யூகலிப்டஸின் குளிர்ச்சியோடு தொடங்குவதால், காம்பு ஒடித்த பூவுக்கு இதுவே நெருக்கம் என்பது என் தீர்ப்பு. நம் வெயிலுக்கு ஒரு முறை அடித்தாலே போதும்.

வாங்கிய பெர்ஃப்யூமின் 'எலிக்சிர்' என்ற செறிவு கூடிய பதிப்பு புதிதாக வந்தால், முகர்ந்து பார்க்காமல் வாங்கலாமா?
– வாசகர், சேலம்

கூடாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் மணம் வேறாகவே இருக்கும். டியோரின் 'சோவாஜ்' 2015-இல் பெர்கமோட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் மணமும், அம்பிராக்சான் என்ற செயற்கை மணப்பொருளுமாக வந்தது. 2021-இல் வந்த அதன் 'எலிக்சிர்' மசாலா, லாவெண்டர், அதிமதுரம் என்று வேறு திசையில் போகிறது. சிறிய சாம்பிள் வாங்கி, காகிதத்தில் அல்லாமல் மணிக்கட்டில் அடித்து, மாலை வரை எப்படி மாறுகிறது என்று பார்த்த பிறகு பெரிய பாட்டிலைப் பற்றி யோசியுங்கள்.