இதை யார் சொல்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

சட்டப்படிப்பை முடித்து, ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. முன்தீர்ப்பு தேடுவது, மனுவுக்கு டிராஃப்ட் போடுவது, ஒப்பந்தங்களைப் படித்துக் குறிப்பெடுப்பது இவைதான் என் வேலை. இதையெல்லாம் இப்போது சாட்ஜிபிடி சில நிமிடங்களில் செய்துவிடுகிறது. என்னைப் போன்றவர்களுக்கு இனி இந்தத் தொழிலில் இடம் இருக்கிறதா?

இப்படிக்கு,
ஒரு ஜூனியர்

அன்புள்ள நண்பருக்கு,

இடம் இருக்கிறது. எனக்குக் கவலை தந்தது வேறு. இந்த வேலைகளை சீனியருக்குச் செய்துகொடுக்கும் எடுபிடி வேலையாகவே நீங்கள் பார்க்கிறீர்கள். ஒருவர் வக்கீலாவதே இவற்றைச் செய்துதான்.

நான் ஜூனியராக இருந்தபோது, எங்கள் கட்சிக்காரருக்குச் சாதகமான ஒரு பத்தியை ஒரு தீர்ப்பிலிருந்து குறித்துக்கொண்டு போனேன். சீனியர் படித்துவிட்டு, "இதை யார் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். நீதிமன்றம்தான் என்றேன். மூன்று பக்கம் முன்னால் புரட்டிக் காட்டினார். "மனுதாரர் தரப்பில் வாதிடப்பட்டதாவது" என்று அங்கே தொடங்கியிருந்தது. நான் குறித்தது ஒரு வக்கீலின் வாதம். பின்னால் நீதிமன்றம் அதை நிராகரித்தும் இருந்தது. அன்றிலிருந்து, வாதம் எங்கே முடிகிறது, நீதிபதி எங்கே தன் முடிவைச் சொல்லத் தொடங்குகிறார் என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டுத்தான் படிக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்கத்தில் அந்தக் கோடு காணாமல் போகலாம். வாதம், தீர்ப்பு, நீதிபதி போகிறபோக்கில் சொன்ன கருத்து எல்லாம் ஒரே உறுதியான தொனியில் வரும். சில சமயம் தீர்ப்பே இருக்காது. 2023இல் நியூயார்க்கில் அவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், இல்லாத தீர்ப்புகளை சாட்ஜிபிடியிடமிருந்து எடுத்து வக்கீல்கள் தாக்கல் செய்தார்கள். அவர்களில் ஒருவர், "இது உண்மையான வழக்குதானா?" என்று அதனிடமே கேட்டிருக்கிறார். ஆமாம் என்றது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அந்தப் போலித் தீர்ப்புகளை எழுதியதாகக் காட்டப்பட்ட நீதிபதிகளுக்குக் கடிதம் அனுப்பவும் உத்தரவிட்டது.

கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. லட்சக்கணக்கான மின்னஞ்சல்களிலிருந்து வழக்குக்கு வேண்டியதைப் பிரித்தெடுக்க மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றம் ஒன்று 2012லேயே ஒப்புக்கொண்டது. அது மனிதக் கண் சலித்துப்போகும் வேலை, கருவி செய்யட்டும். தேடவும் பயன்படுத்துங்கள். அது காட்டும் தீர்ப்பை மட்டும் மூலத்தில் எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்களே படியுங்கள். மனுவையும் முதலில் நீங்கள் எழுதுங்கள். விட்டுப்போனது என்ன என்று அப்புறம் அதைக் கேட்கலாம். சீனியர் அவசரப்படுத்துவார், சரிதான். முதல் இரண்டு மூன்று வருடம் அந்த அவசரத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொன்று. கட்சிக்காரரின் ஆவணங்களை எல்லோரும் பயன்படுத்தும் சாட்பாட்டில் போடாதீர்கள். வீட்டில்கூடச் சொல்லாததை நம்மிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அது எந்த சர்வரில் போய்த் தங்கியிருக்கிறது என்று அவர் நாளை கேட்டால், உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும்.

அன்புடன்.