பயனர்களின் கடவுச்சொல்லைக் கோடில் எப்படிக் கையாள வேண்டும்?

கேள்வி: சின்னதாக ஒரு வலைச் செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். பயனர்களின் கடவுச்சொல்லை ஏஇஎஸ் என்ற முறையில் என்கிரிப்ட் செய்து (அதாவது சாவி போட்டுப் பூட்டி) டேட்டாபேஸில் சேமிக்கிறேன். சாவி கான்ஃபிக் ஃபைலில் இருக்கிறது. டீமில் ஒருவர் இது தப்பு என்கிறார், ஏன் என்று சொல்லவில்லை. பயனர்பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் கோடில் எப்படித்தான் கையாள்வது?

பதில்:

உங்கள் டீம்காரர் சொன்னது சரி. காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பயனரின் கடவுச்சொல் என்ன என்று உங்கள் செயலிக்குத் தெரிய வேண்டிய அவசியமே கிடையாது. பதிவு செய்தபோது கொடுத்த அதே சொல்லைத்தான் இப்போதும் கொடுக்கிறாரா என்று தெரிந்தால் போதும். என்கிரிப்ட் செய்து வைத்தால், டிகிரிப்ட் செய்யும் வழியையும் கூடவே வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். சர்வருக்குள் புகுந்து டேட்டாபேஸை அள்ளுபவன், பக்கத்திலேயே கிடக்கும் கான்ஃபிக் ஃபைலை மட்டும் விட்டுவிட்டா போவான்?

சாவி பத்திரமாக இருந்தாலும் தப்பித்துவிடலாம் என்று சொல்ல முடியாது. 2013-இல் அடோபி நிறுவனத்தின் பயனர் விவரங்கள் கோடிக்கணக்கில் வெளியே வந்தன. அவர்கள் கடவுச்சொல்லை ட்ரிபிள் டெஸ் முறையில், ஈசிபி மோடில் என்கிரிப்ட் செய்து வைத்திருந்தார்கள். அந்த மோடில் ஒரே கடவுச்சொல் எத்தனை பேருக்கு இருந்தாலும் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி வெளியீடுதான் வரும். போதாக்குறைக்கு, மறந்துபோனால் நினைவுபடுத்த பயனர்கள் எழுதிவைத்த குறிப்புகள் அப்படியே வெறும் எழுத்தாக இருந்தன. ஒரே வெளியீடு உள்ள வரிசைகளைச் சேர்த்துப் பார்த்து, அவற்றின் குறிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் படித்தவர்கள் சாவியே இல்லாமல் கடவுச்சொற்களைக் கண்டுபிடித்தார்கள்.

அதனால் வேண்டியது ஹேஷ்: கடவுச்சொல்லை, திரும்பப் படிக்க முடியாத ஒரு சரமாக மாற்றும் முறை. அதிலும் எம்டி5, ஷா-256 போன்றவை இந்த வேலைக்கு ஆகாது; அவை வேகத்துக்காகச் செய்யப்பட்டவை, திருடியவன் ஊகித்து ஊகித்துப் பார்க்க முடியாதபடி நமக்கு வேண்டியது மெதுவானது. லிங்க்ட்இன் 2012-இல் சால்ட் (ஹேஷ் செய்யும் முன் கடவுச்சொல்லோடு சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்) இல்லாத ஷா-1 வைத்திருந்து மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு பயனருக்கும் தனி சால்ட் சேர்க்க வேண்டும் என்பது ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979-இலேயே யூனிக்ஸ் பற்றிய கட்டுரையில் எழுதிவைத்த விஷயம். புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் ஆர்கான்2ஐடி எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் முடிந்த கடவுச்சொல் ஹேஷிங் போட்டியில் ஜெயித்தது ஆர்கான்2. குறைந்தபட்சம் 19 மெபிபைட் நினைவகம், 2 சுற்று என்பது வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் பரிந்துரை. உங்கள் மொழியில் அதற்கு நல்ல நூலகம் இல்லையென்றால் 1999-இல் வந்த பிகிரிப்ட் இன்னும் போதும், காஸ்ட் (எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்ற அளவு) பத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

சால்ட்டை டேபிளில் எந்த நெடுவரிசையில் சேமிப்பது என்று யோசிக்க வேண்டாம். பிகிரிப்ட் தரும் 60 எழுத்துச் சரத்திலேயே எல்லாம் இருக்கிறது: முன்னால் டாலர் குறிகளுக்கு நடுவே பதிப்பும் காஸ்ட்டும், அடுத்த 22 எழுத்து சால்ட், மீதி 31 எழுத்துதான் ஹேஷ். சரிபார்க்கும் ஃபங்ஷன் அதைப் பிரித்துப் படித்துக்கொள்ளும். நாளைக்குக் காஸ்ட்டைக் கூட்டினாலும் பழைய வரிசைகள் பழைய காஸ்ட்டிலேயே சரிபார்க்கப்படும். அந்தப் பயனர் சரியான கடவுச்சொல்லோடு வரும் நேரத்தில் புதிய காஸ்ட்டில் மறுபடி ஹேஷ் செய்து எழுதிவிடலாம்.

பிகிரிப்ட் எடுத்தால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அது முதல் 72 பைட்டைத்தான் பார்க்கும். சில நூலகங்கள் பிழை காட்டும், மற்றவை சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஆங்கிலக் கடவுச்சொல்லுக்கு 72 தாராளம். தமிழில் ஒருவர் வைத்தால்? யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'தெ' என்ற ஒரே எழுத்து, 'த'வும் கொம்பும் என இரண்டு குறி என்பதால், ஆறு பைட் தின்னும். ஆக 24 குறிகளோடு கதை முடிந்தது, அதற்குப் பின்னால் என்ன தட்டினாலும் கதவு திறக்கும். இன்னொன்று, 'கொ' என்பதைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியோடும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட் வேறு, ஹேஷும் வேறு. கணினியில் பதிவு செய்தவர் கைபேசியில் நுழைய முடியாமல் நிற்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். ஹேஷ் செய்வதற்கு முன் யூனிகோட் நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்குவது) ஒருமுறை போட்டுவிடுங்கள், சரிபார்க்கும்போதும் அதே மாதிரி.

72 பைட் சமாச்சாரம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். 2024-இல் ஒக்டா என்ற அடையாளச் சேவை நிறுவனமே இதில் சறுக்கியது. பயனர் ஐடி, பயனர்பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒட்டி பிகிரிப்ட் செய்து கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) சாவி உண்டாக்கியிருந்தார்கள். பயனர்பெயர் 52 எழுத்தோ அதற்கு மேலோ இருந்தால், கடைசியில் ஒட்டிய கடவுச்சொல் வெட்டுக்கு வெளியே போய்விடும். சில சூழ்நிலைகளில் கடவுச்சொல் தப்பாக இருந்தாலும் உள்ளே விட்டது.

இதுவரை சொன்னது சேமிப்பு. பெரும்பாலான பதில்கள் இதோடு நின்றுவிடும். ஆனால் கோடு எழுதுபவர் அதிகம் பயப்பட வேண்டிய இடம் டேபிள் இல்லை, டேபிளுக்கு வந்துசேரும் வழி. ரிக்வெஸ்ட் வந்ததிலிருந்து சரிபார்க்கும் ஃபங்ஷன் வரை கடவுச்சொல் வெறும் எழுத்தாகத்தான் நடமாடுகிறது. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது. அவர்களும் பிகிரிப்ட்தான் வைத்திருந்தார்கள். ஹேஷ் ஆவதற்கு முன்னாலேயே கடவுச்சொல் உள் லாகில் (செயலி தானாக எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவில்) எழுதப்பட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

இது எப்படி நடக்கும் தெரியுமா? யாரும் உட்கார்ந்து கடவுச்சொல்லை லாக் செய் என்று எழுதுவதில்லை. உள்நுழைவு விவரத்துக்கு ஒரு டேட்டாகிளாஸ் (சில விவரங்களைச் சேர்த்து வைக்கும் டைப்) இருக்கும், ஏதோ பிழையைத் தேடும்போது ஒருவர் அந்த ஆப்ஜெக்டை அப்படியே லாகில் போடுவார். பைத்தானின் டேட்டாகிளாஸ், காட்லினின் டேட்டா கிளாஸ், ஜாவாவின் ரெக்கார்டு எல்லாமே தம்மை எழுத்தாக்கச் சொன்னால் எல்லா ஃபீல்டையும் கொட்டிவிடும். லாகில் இப்படி ஒரு வரி விழும்:

உள்நுழைவு தோல்வி: விவரம்(பயனர்=கயல், கடவுச்சொல்=மழை@மாலை7)

அந்த லாக் இன்னொரு சர்வருக்குப் போகும், அங்கிருந்து தேடுபொறிக்குப் போகும், பேக்கப்பும் எடுக்கப்படும். இதற்கு ஒழுக்கத்தை நம்பாதீர்கள், டைப்பை நம்புங்கள். கடவுச்சொல்லைச் சாதாரண ஸ்ட்ரிங்காக வைக்காமல், எழுத்தாக்கினால் நட்சத்திரக் குறி மட்டும் தரும் ஒரு தனி டைப்பில் சுற்றிவையுங்கள். பைத்தானில் பைடான்டிக் நூலகத்தின் சீக்ரெட்எஸ்டிஆர் (SecretStr) டைப் இதைத்தான் செய்கிறது. மற்ற மொழிகளில் பத்து வரியில் நீங்களே எழுதிவிடலாம். அசல் எழுத்து வேண்டுமானால் அதற்கென்று உள்ள ஒரு மெத்தடைக் கூப்பிட வேண்டும். அந்த மெத்தட் பெயரைக் கோடு முழுக்கத் தேடினால் எங்கெல்லாம் கடவுச்சொல் திறக்கப்படுகிறது என்று தெரிந்துவிடும். பதிவு, உள்நுழைவு, மாற்றம் என்ற மூன்று இடங்களைத் தாண்டி வேறெங்கும் வந்தால் விசாரியுங்கள்.

பலர் கவனிக்காத ஒரு ஓட்டை: அவசரத்தில் பயனர் கடவுச்சொல்லைப் பயனர்பெயர்க் கட்டத்தில் தட்டிவிட்டு எண்டரை அழுத்துவார். நீங்கள் நல்ல பிள்ளையாகப் பயனர்பெயரை மட்டும் லாக் செய்தாலும் கடவுச்சொல் லாகில் உட்கார்ந்துவிடும். அடுத்த வரியிலேயே அதே ஐபியிலிருந்து சரியான பயனர்பெயரும் வந்துவிழும். அதனால் தெரியாத பயனர்பெயர் என்றால் அதை எழுதாதீர்கள். தெரிந்த பயனர் என்றால் அவருடைய உள் ஐடியை எழுதினால் போதும். கடவுச்சொல்லை யூஆர்எல்லில் அனுப்பக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், வழியில் உள்ள ப்ராக்ஸி லாகுகள் எல்லாம் அதைக் குறித்துவைக்கும்.

சரி, தப்பான உள்நுழைவுக்கு என்ன பதில் சொல்வது? "அப்படி ஒரு பயனர் இல்லை" என்று சொன்னால், யாருக்கெல்லாம் கணக்கு இருக்கிறது என்று வெளியில் இருப்பவர் சோதித்துப் பார்க்கலாம். "பயனர்பெயரோ கடவுச்சொல்லோ தவறு" என்று பொதுவாகச் சொல்லுங்கள். வார்த்தை ஒன்றாக இருந்தாலும் நேரம் காட்டிக்கொடுக்கும்: பயனர் இல்லையென்றால் பதில் உடனே வரும், இருந்தால் ஹேஷ் கணக்கிட்ட பிறகு வரும். பயனர் இல்லாதபோதும் ஒரு போலி ஹேஷோடு ஒப்பிட்டுவிட்டுத் தோல்வி என்று சொல்லுங்கள்.

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று என்று பயனரைப் படுத்த வேண்டாம். அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பே 2017 வழிகாட்டியில் இந்த விதிகளையும், அடிக்கடி மாற்றச் சொல்வதையும் கைவிடச் சொல்லிவிட்டது. நீளம் கேளுங்கள், ஒட்டுவதை அனுமதியுங்கள், ஏற்கெனவே கசிந்த கடவுச்சொல்லா என்று பாருங்கள். இதற்கு ஹாவ் ஐ பீன் போன்ட் தளத்தின் சேவை இருக்கிறது. ஷா-1 ஹேஷின் முதல் ஐந்து எழுத்தை மட்டும் அனுப்பினால், அதில் தொடங்கும் எல்லா ஹேஷ்களின் மீதியையும் தரும், ஒப்பிடுவது உங்கள் பக்கம். முழுக் கடவுச்சொல் வெளியே போகாது.

உள்ளே விட்ட பிறகு செஷன் ஐடியை (உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் குறியை) புதிதாக மாற்றுங்கள். கடவுச்சொல் மாற்றும் இணைப்பின் டோக்கனையும் டேட்டாபேஸில் ஹேஷாகவே வையுங்கள், அதுவும் ஒரு தற்காலிகக் கடவுச்சொல்தான். ப்ரவுசரிலேயே ஹேஷ் செய்து அனுப்பலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சர்வரிலும் ஹேஷ் செய்யாமல் அதை அப்படியே சேமித்தால் அந்த ஹேஷே கடவுச்சொல்லாகிவிடும். எச்டிடிபிஎஸ் போதும்.

உங்கள் இப்போதைய நிலைமைக்கு வருவோம். ஒரு விதத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எம்டி5 வைத்திருப்பவர் ஒவ்வொரு பயனரும் திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது பழைய ஹேஷின் மேல் புது ஹேஷைச் சுற்ற வேண்டும். உங்களிடம் சாவி இருக்கிறது. ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஒவ்வொரு வரிசையாக டிகிரிப்ட் செய்து, நார்மலைஸ் செய்து, ஆர்கான்2ஐடி போட்டுப் புதிய நெடுவரிசையில் எழுதுங்கள். அந்த ஸ்கிரிப்டிலும் லாக் எதுவும் வேண்டாம். உள்நுழைவு புதிய நெடுவரிசையை வைத்து ஒழுங்காக ஓடுகிறது என்று பார்த்த பிறகு பழைய நெடுவரிசையை நீக்குங்கள். அப்புறம் பழைய பேக்கப்புகள். அவற்றில் இன்னும் ஏஇஎஸ் வடிவம் இருக்கிறது, கான்ஃபிக் ஃபைலை, கோடின் பழைய பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட்டில் (git) ஏற்றியிருந்தால் சாவியும் அதன் வரலாற்றில் இருக்கிறது. ஃபைலை இப்போது அழித்தாலும் பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அப்படியே கிடக்கும். வைத்தே ஆக வேண்டியவை தவிர மற்ற பேக்கப்புகளை அழித்துவிடுங்கள். அந்த ரெப்போவை (கோடுக் களஞ்சியத்தை) வெளியாட்கள் யாராவது பார்த்திருக்க வாய்ப்பு உண்டு என்றால், எல்லாப் பயனர்களையும் கடவுச்சொல் மாற்றச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், காரணத்தை ஒளிக்காமல்.