வீடு எடிசனில், ஆபீஸ் மன்ஹாட்டனில்: எந்த மாநிலத்துக்கு வரி?

நியூ ஜெர்சி எடிசனில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆபீஸ் மன்ஹாட்டனில். வாரத்தில் மூன்று நாள் அங்கே போகிறேன், இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. ஆனால் டபிள்யூ-2-வில் (கம்பெனி தரும் வருடச் சம்பள, வரிப் படிவம்) மொத்தச் சம்பளத்துக்கும் நியூயார்க் வரி பிடித்திருக்கிறார்கள். மனைவிக்கு வேலை நியூ ஜெர்சியிலேயே. இரண்டு மாநிலத்துக்கும் கட்ட வேண்டுமா? வீட்டில் இருந்து வேலை பார்த்த நாட்களுக்குப் பிடித்ததைத் திரும்பக் கேட்கலாமா?"

ரிட்டர்ன் இரண்டு மாநிலத்துக்கும் போட வேண்டும். ஆனால் ஒரே சம்பளத்துக்கு இரண்டு முழு வரி விழாது, பயப்பட வேண்டாம். சம்பாத்தியம் தன் எல்லைக்குள் நடந்தது என்று நியூயார்க் கேட்கிறது. நீங்கள் குடியிருப்பவர் என்பதால், எங்கே சம்பாதித்திருந்தாலும் நியூ ஜெர்சியும் கணக்குக் கேட்கிறது, அப்புறம் நியூயார்க்குக்குக் கட்டிய வரிக்குக் கிரெடிட், அதாவது தன் வரியில் கழிவு, கொடுக்கிறது.

இதில் பலர் சறுக்குவது வரிசையில்தான். வெளிமாநிலத்தவருக்கான நியூயார்க் ரிட்டர்னை, அதாவது ஐடி-203-ஐ, முதலில் முடித்துவிடுங்கள். அதில் வரும் வரித் தொகை தெரிந்தால்தான் நியூ ஜெர்சி ரிட்டர்னான என்ஜே-1040-ல் கிரெடிட்டைக் கணக்கிட முடியும். அந்த இடத்தில் டபிள்யூ-2-வின் 17-ஆம் பெட்டியில் இருக்கும் தொகையைப் போடாதீர்கள். அது பிடித்த தொகை மட்டுமே, ஐடி-203 சொல்வதுதான் உண்மையான வரி. உதாரணத்துக்கு, நியூயார்க்கில் பிடித்தது 7,000 டாலர், ஐடி-203-ன்படி வரி 6,300, அதே சம்பளத்துக்கு நியூ ஜெர்சி வரி 5,000 என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க் 700 டாலரைத் திருப்பித் தரும், நியூ ஜெர்சி 5,000-க்குக் கிரெடிட் கொடுக்கும், உங்கள் சம்பளத்துக்கு அங்கே பாக்கி எதுவும் இருக்காது. மிச்சம் 1,300-ஐ மட்டும் யாரிடமும் கேட்க முடியாது. மொத்தத்தில், இரண்டில் எது அதிகமோ அதைக் கட்டுகிறீர்கள்.

ஐடி-203-ல் மனைவியின் சம்பளமும் வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம். கூட்டு ரிட்டர்ன் என்றால் மொத்த வருமானத்துக்கும் முதலில் வரி போட்டுவிட்டு, அதில் நியூயார்க் வருமானம் எத்தனை சதவீதமோ அவ்வளவு பங்கை மட்டும் வாங்குகிறார்கள். அவர் சம்பளத்துக்கு நேரடியாக வரி இல்லை, ஆனால் அதனால் உங்கள் வரி விகிதம் கொஞ்சம் ஏறும்.

சரி, வீட்டிலிருந்து வேலை பார்த்த அந்த இரண்டு நாட்கள்? உங்கள் வசதிக்காக வீட்டில் இருந்தால் அவையும் நியூயார்க் நாட்கள்தான், நிறுவனத்துக்கு அது கட்டாயத் தேவையாக இருந்தால் மட்டுமே விலக்கு. இந்த விதி எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை, ஆனாலும் நிற்கிறது. கனெக்டிகட்டில் வீட்டிலிருந்தும் வேலை பார்த்த சட்டப் பேராசிரியர் எட்வர்ட் செலின்ஸ்கி இதை எதிர்த்து நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போய் 2003-ல் தோற்றார். ஊருக்குப் போய்ச் சென்னையில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்த நாட்களுக்கும் இதே கதிதான். கம்பெனியே வேறு மாநிலத்துக்கு வேலையாக அனுப்பிய நாட்களைக் கழிக்கலாம், டிக்கெட், ஓட்டல் ரசீது, காலண்டர் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். ஆதாரம் இல்லாமல் ஐந்தில் இரண்டு பங்கைக் கழித்துவிட்டு ரீஃபண்ட் கேட்டால் நோட்டீஸ் வர வாய்ப்பு அதிகம்.

வங்கி வட்டி, டிவிடெண்ட் போன்றவற்றுக்கு நியூயார்க் உங்களிடம் வரி கேட்காது, அதனால் அவற்றுக்கு நியூ ஜெர்சியில் கிரெடிட்டும் கிடையாது. மனைவியின் சம்பளத்தில் பிடிப்பதையும் கழித்த பிறகு நியூ ஜெர்சிக்கு 400 டாலருக்கு மேல் பாக்கி வரும் என்று தெரிந்தால், ஏப்ரல் 15 வரை காத்திருக்காமல் என்ஜே-1040-இஎஸ் என்ற முன்வரிப் படிவம் மூலம் காலாண்டுக்கு ஒருமுறை கட்டிவிடுங்கள், இல்லையென்றால் வட்டி போடுவார்கள்.