மெட்டஃபருக்கும் சிம்பலுக்கும் என்ன வித்தியாசம்?

ஆங்கிலச் செய்யுளில் மெட்டஃபர் (உருவகம்) எது, சிம்பல் (குறியீடு) எது என்று குழம்புவதாகக் கேட்டிருக்கிறீர்கள். தர்மபுரியில் டியூஷன் எடுக்கும்போது நான் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்த வரியைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டால் உண்மையா, பொய்யா?

‘ஹெர் வாய்ஸ் இஸ் ஹனி’ மெட்டஃபர். குரல் எப்படித் தேனாகும்? அப்படியே பார்த்தால் பொய். நடுவில் ‘லைக்’ வந்து ஒப்பிட்டால் சிமிலி (உவமை), அவ்வளவுதான்.

சிம்பல் வேறு. நம் தகடூர் (தர்மபுரியின் பழைய பெயர்) மன்னர் அதியமானையே எடுத்துக்கொள்ளுங்கள். சாவை நீக்கும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்துவிட்டார். புறநானூறு 91-ஆம் பாட்டில் அது நிஜமான கனிதான், மலைப்பிளவில் பறித்தது. ‘நட்பு ஒரு நெல்லிக்கனி’ என்று ஔவை எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கனியைச் சொன்னதும் கொடையும் அன்பும் கூடவே நினைவுக்கு வருகின்றனவே, அதுதான் சிம்பல். பொருள் பொருளாகவே இருந்துகொண்டு இன்னொன்றையும் சுமக்கும்.

அப்புறம், ரோஜாவைப் பார்த்ததும் ‘லவ்’ என்று எழுதிவிடாதீர்கள். பாட்டில் அது கல்லறைமேல் கிடந்தால் கதையே வேறு.